படம் எடுப்பதும் படத்தைக் காப்பதும்

தைப் பொங்கல் கழிந்து சில நாட்களே ஆகின்றன. தாராவி 90 அடிச் சாலையின் ஓரத்தில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிட்ட தாய்மார்களையும், அவர்களைச் சுற்றி நின்ற குழந்தைகளையும் இவ்வாண்டும் எத்தனையோ பேர் படம் பிடித்தார்கள். அடுப்பு அணைவதற்குள் அப்படங்கள் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். முன்னாளில் கடிதத்தோடு உறைக்குள் இருந்து நாட்கணக்கில் பயணம் செய்த படம் இன்று நொடிப்பொழுதில் போய்விடுகிறது. போகும் வேகம் கூடிவிட்டது. இருக்கும் காலந்தான் குறைந்துவிட்டது. கைத்தொலைபேசி தொலைந்தாலோ பழுதானாலோ ஐந்தாறு ஆண்டுகளின் முகங்கள் அதனோடு போய்விடுகின்றன. ஆகவே, நல்ல படம் எடுப்பது எவ்வாறு, எடுத்ததைக் காகிதத்தில் அச்சிட்டு இம் மும்பை மாநகரத்தின் ஈரத்திலிருந்து காப்பது எவ்வாறு என்பது பற்றி இன்று சிறிது பேசுவோம்.

பிறந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குப் படம் ஓர் அலங்காரப் பொருளன்று. நாம் போக இயலாத இடத்துக்கு நம் முகம் போகிறது. ஊரிலிருக்கும் பாட்டி பேரக்குழந்தையை முதன்முதலில் காண்பது படத்தில்தான். செம்பூரில் இருக்கும் பெண்ணின் படம் கும்பகோணத்துக்குப் போகிறது. அங்கிருந்து பிள்ளையின் படம் வருகிறது. படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதில் தவறு ஒன்றுமில்லை.

ஆனால், நன்றாக விழுவது என்பதற்குச் சிவப்பாக விழுவது என்றே நம்மவருள் பலர் பொருள் கொண்டுவிட்டோம். அக்காலத்தில் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனோம். அங்கே நெகடிவில் கூர்மையான பென்சில் கொண்டு வடுக்களை மறைத்தார்கள். இன்று அவ்வேலையைத் தொலைபேசியே, நாம் கேளாமலே, செய்து கொடுக்கிறது. முகச் சுருக்கம் மறைகிறது, நிறம் வெளுக்கிறது, மூக்குங்கூடச் சிறுத்துவிடுகிறது. பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். அந்தச் சில நொடிகளில் அப்பெண்ணின் மனம் என்ன பாடுபடும் என்பதைப் படம் எடுத்தவர் எண்ணிப் பார்ப்பதில்லை. முகத்தை வெளுப்பாக்கும் அவ்வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள் என்பதே நமது யோசனை.

இதில் குற்றம் முழுவதும் நம்முடையது என்றும் சொல்வதற்கில்லை. வண்ணப் படச் சுருளும் அதை அச்சிடும் கருவிகளும் மேனாட்டில் செய்யப்பட்ட காலத்தில், நிறம் சரிபார்க்கும் மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமே நெடுங்காலம் இருந்து வந்தது. அவளுடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொண்டார்கள். கருநிற முகங்கள் அதில் மங்கிப்போயின. அக்குறை பின்னர் பெருமளவு நீங்கிவிட்டது. இருந்தும், வெள்ளைச் சுவரின் முன்போ வெளுத்த வானத்தின் முன்போ மாநிறத்தவரை நிறுத்தினால் இன்றைய காமிராவும் ஏமாறும். பின்னணியின் வெளிச்சத்தைக் கண்டு அது படம் முழுவதையும் இருட்டாக்கும். முகம் கரிய நிழலாகும். பச்சைக் கதவு, பழைய மரப்பலகை, நீலச் சுவர் போன்ற அடங்கிய நிறமுள்ள பின்னணியே நமக்கு ஏற்றது. திரையில் முகத்தின்மீது விரலை வைத்தால் காமிரா அம்முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை அமைத்துக்கொள்ளும். பவுடர் வேண்டியதில்லை. இந்நகரத்துப் புழுக்கத்தில் நெற்றியில் பளபளக்கும் வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டால் போதுமானது.

முகத்தை அழகாக்குவது ஒளிதான். இதைப் பழைய தொழிலாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பம்பாயில் புகைப்படச் சங்கம் 1854 இலேயே தோன்றிவிட்டது. மின்விளக்கு வராத அந்நாளில் ஸ்டூடியோக்களை மேல்மாடியில் அமைத்து, கூரையிலும் வடபுறத்திலும் கண்ணாடி பதித்தார்கள். நேர்வெயில் புகாமல் வானத்தின் மென்மையான ஒளி மட்டும் உள்ளே வரும். பின்னர் நாட்டுப் பிரிவினையை அடுத்துக் கராச்சியிலிருந்து வந்த ஜே. எச். தக்கர் என்பவர் 1948 இல் மாட்டுங்காவுக்கு அடுத்த தாதரில் இந்தியா போட்டோ ஸ்டூடியோவைத் தொடங்கினார். இந்தித் திரைப்பட நட்சத்திரங்களை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் புகழ் பெற்றவை. முகத்தில் எப்பக்கம் ஒளி விழ வேண்டும், எப்பக்கம் நிழல் நிற்க வேண்டும் என்பதை அப்படங்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

அத்தகைய ஒளிக்கு நாம் எங்கே போவது என்று கேட்கலாம். தாராவியின் ஒற்றை அறை வீட்டில் அது வாசற்படியிலேயே இருக்கிறது! இருபுறமும் வீடுகள் நெருங்கிய சந்தில் வெயில் நேராக இறங்குவது அரிது. கூரைகளுக்கு இடையே வரும் வான ஒளி கதவு வழியாக ஒரே பக்கமாக உள்ளே விழுகிறது. உள்ளிருக்கும் குழல் விளக்கை அணைத்துவிடுங்கள். இருவகை ஒளி கலந்தால் முகத்தில் பச்சையோ மஞ்சளோ பாயும். அம்மாவை வாசற்படியிலிருந்து இரண்டடி உள்ளே உட்காரவைத்து, முகத்தைச் சற்றே கதவுப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அவ்வளவே. மாட்டுங்காவில் இருப்பவர்கள் ஐந்து தோட்டத்து மரங்களை நாடுவார்கள். அங்கே ஓர் எச்சரிக்கை: இலைகளினூடே சொட்டுச் சொட்டாக விழும் வெயில் முகத்தில் வெண்புள்ளிகளை உண்டாக்கும். அடர்ந்த நிழல் தரும் மரத்தடியாகப் பார்த்து நிற்க வேண்டும்.

காமிராவை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோவது பெருந்தவறு. கைநீளத்தில் தொலைபேசியைப் பிடித்துத் தம்மைத் தாமே எடுத்துக்கொள்ளும்போது மூக்கு பருத்தும் காது சிறுத்தும் தெரிவதற்கு அதுவே காரணம். ஆறடி தள்ளி நின்று, காமிராவைக் கண் மட்டத்தில் பிடித்து, வேறொருவர் எடுத்தால் முகம் இயல்பாக அமையும். எடுக்கும்போது பேச்சுக் கொடுங்கள். ஊர்த் திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் முதியவர்களின் முகத்தில் வரும் ஒளியை எந்த விளக்கும் தராது.

இனி அச்சிடுதல். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தை அப்படியே கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அனுப்பும்போதே அதன் நுட்பங்கள் சுருக்கப்பட்டிருக்கும். எடுத்தவரிடமிருந்து மூலப் படத்தையே கேட்டு வாங்க வேண்டும். 4க்கு 6 அங்குலப் படம் தெளிவாக வர 1200க்கு 1800 புள்ளிகள் வேண்டும். சுவரில் மாட்டும் 8க்கு 12 அங்குலத்துக்கு 2400க்கு 3600. வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறிகள் பலவற்றில் உள்ள சாயமை ஈரம் பட்டால் கசியும். புகைப்படக் காகிதத்தில் ஒளிகொண்டு அச்சிடும் கடைகளில், அல்லது நிறமி மை பயன்படுத்தும் இடங்களில் கொடுப்பது நல்லது. ஆண்டுக்கு ஓராயிரம் படம் எடுத்தாலும் இருபது அச்சிட்டால் போதும். தேர்ந்தெடுக்கும் பொழுதே பாதிப் பயன் கிடைத்துவிடுகிறது.

அச்சிட்ட படத்துக்கு இந்நகரத்தில் முதற் பகை மழைக்காலம். இதை நாங்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றோம். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியின் படம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அவர் வாழ்நாளில் எடுத்துக்கொண்டது அது ஒன்றே. வெள்ளிதோறும் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். சட்டத்தில் ஈரமல்லிகைச் சரம் சூட்டுவோம். சுவரோ மேற்கு பார்த்த வெளிச்சுவர். ஆடி மாதத்தில் தொட்டால் கையில் ஈரம் படும். ஒரு மழைக்காலம் கழிந்தபின் கண்ணாடிக்குள் வெண்பூஞ்சை தெரிந்தது. சட்டத்தைப் பிரித்தோம். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மெல்ல உரித்தால் வந்துவிடும் என்று எண்ணினோம். காகிதம் வந்தது, முகம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

காரணம் எளிது. புகைப்படக் காகிதத்தின் மேற்பூச்சு ஜெலட்டின் என்னும் பசை. அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த பெரியவர்களின் வழிவந்தவர்களுக்கு, மழை ஈரம் தோலை என்ன செய்யும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பி இளகும், பட்ட இடத்தில் ஒட்டும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் அதில் பூஞ்சை வளரும். மும்பையின் மழை மாதங்களில் அது 80 விழுக்காட்டையும் தாண்டுகிறது.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே, பிரதிபலிப்பு விழாதபடி எதிரே கருந்துணி பிடித்து, அதைப் படம் எடுத்துவிட வேண்டும். பூவும் பொட்டும் வைப்பதை விட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சுவரில் மாட்டுவது ஒரு பிரதியாக இருக்கட்டும். மூலப் படம் பெட்டிக்குள் இருக்கட்டும். பிரதிக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு ஒன்று வைத்தால் இரண்டும் தொடாது.

ஆல்பங்களில், ஒட்டும் பக்கமும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் உள்ள வகை ஒரு காலத்தில் திருமண வீடுதோறும் வந்தது. அப்பசை படத்தைக் கெடுக்கும். பாலிதீன், பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் உறைகள் தீங்கற்றவை. வாடை வீசும் பி.வி.சி. உறைகள் ஆகா. உறையிட்ட படங்களை இரும்பு டிரங்குப் பெட்டியிலோ பீரோவிலோ, தரையில் படாமல், உட்சுவரை ஒட்டி வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் மணிகளைச் சிறு துணிப்பையில் கட்டி வைத்து, நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். பாச்சை உருண்டை வேண்டாம். பெட்டியில் அடுக்குவதற்குத் தையும் மாசியுமே ஏற்ற மாதங்கள். மழை நாளில் அடுக்கினால் ஈரத்தையும் சேர்த்தே பூட்டுகிறோம்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது நினைவிருக்கும். தாழ்வான பகுதிகளில் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகளெல்லாம் நீரில் மூழ்கின. அப்படி நேர்ந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். சேறு படிந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டியபடி காயவிட்டால் பிறகு பிரியா. ஈரமாக இருக்கும்போதே தூய குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு மெல்லப் பிரித்து, பூச்சுப் பக்கத்தைத் தொடாமல், முகம் மேலாகத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு நாட்களுக்குள் இது முடிய வேண்டும். இயலாவிடில் ஈரத்தோடே பிளாஸ்டிக் பையிலிட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டு, பின்னர் சிறிது சிறிதாக எடுத்துப் பார்க்கலாம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பழுப்புத் திட்டுக்கள் தோன்றுவது, அந்நாளில் ஹைப்போ சரியாகக் கழுவப்படாததால். 1960களிலும் 70களிலும் அச்சிட்ட வண்ணப் படங்களோ இருட்டில் வைத்தாலுங்கூடச் சிவந்து மங்குகின்றன. வண்ணப் படங்களுக்கே முதலில் மின்படி எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்படி எடுத்திருக்கிறார்கள். அதே வேலையை நம் வீட்டுப் பெட்டிக்கு நாமே செய்துகொள்ளலாம்.

மின்படி எடுக்கும்போதே படத்தின் பின்புறத்தில் பெயரை எழுதிவிடுங்கள். பந்துமுனைப் பேனா மறுபுறம் அழுந்தித் தெரியும். பழைய காகிதத்துக்கு மென்மையான பென்சிலே ஏற்றது. இன்றைய வழவழப்புக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறையின்மேல் எழுதலாம். இன்னாரின் தம்பி, இன்ன ஊர், இன்ன ஆண்டு என்று எழுதும்போது ஒன்றை மறக்கலாகாது. இங்கே பிறந்து மராத்தியிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் பேரப்பிள்ளைகளுள் தமிழெழுத்து அறியாதவர் பலர். தமிழில் ஒரு வரி எழுதி, அதன்கீழ் அவர்கள் படிக்கும் எழுத்தில் அதே வரியை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது அவர்கள் கேட்பார்கள், இவர் யார் என்று.