மாங்காய் லேபிளும் மூடாத துளைகளும்

(நம் குடியிருப்பின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், பேக்கிங் இயந்திரங்களின் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன வாரம் லிஃப்ட்டில் பார்த்த செயலாளர், "சார், உங்க வேலை அனுபவத்தை ஒரு கால் மணி நேரம் பேசுங்களேன்" என்றார். என் வேலை, பாட்டிலில் லேபிள் ஒட்டுகிற மெஷின்களைப் பார்த்துக்கொள்வது. "அதுல பேச என்ன இருக்கு?" என்று என் மனைவியே கேட்டார். ஒரு விஷயம் இருக்கிறது. அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பின்னால் போண்டா ஆறிக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும்.

வீட்டில் இருக்கும் பாட்டில்களைப் பாருங்கள். பெரும்பாலும் லேபிள் நீள்சதுரமாக இருக்கும். சிலது மட்டும் இலை, பூ, பழம் என்று விதவிதமான வடிவத்தில் இருக்கும். கடையில் கண்ணைக் கவரும். ஆனால் அதை ஒட்டுகிற மெஷினுக்கு அதுதான் சோதனை.

முதலில் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். பசை பூசிய லேபிள்கள் ஒரு ரோலில் வரிசையாக வரும். இந்த மாதிரி உரித்து ஒட்டும் லேபிளை 1935-இல் அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் கொண்டுவந்தார். லேபிளுக்கு அடியில் சிலிக்கோன் பூசிய வழுவழுப்பான தாள் இருக்கும். அந்தத் தாளை ஒரு மெல்லிய தகட்டின் விளிம்பில் சட்டென்று மடித்துப் பின்னால் இழுப்பார்கள். தாள் மடங்கித் திரும்பிவிடும். லேபிள் கொஞ்சம் விறைப்பானது என்பதால் மடங்காமல் நேராக முன்னால் நீளும்.

அப்படி நீளும் லேபிளைப் பிடித்துக்கொள்வது 'பேட்'. உள்ளங்கை அளவு பலகை, அதன் முகத்தில் சிறு துளைகள், பின்னால் வேக்குவம் பம்ப். லேபிளின் அச்சடித்த பக்கம் பேட்டில் ஒட்டி நிற்கும், பசைப் பக்கம் பாட்டிலைப் பார்த்து இருக்கும். பாட்டில் வந்ததும் பேட் முன்னால் போய் அழுத்தும். கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஊறுகாய் பாட்டிலுக்குப் புதிதாக ஒரு லேபிள் வந்தது. மாங்காய் வடிவம், மேலே காம்பும் ஓர் இலையும். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஓட ஆரம்பித்த முதல் நாளிலிருந்தே தொல்லை. சில லேபிள் சாய்ந்து ஒட்டும், சிலது காம்புப் பக்கம் மடங்கி ஒட்டும். மடங்கி ஒட்டிய பாட்டிலை ரிஜெக்ட் செய்து, லேபிளைச் சுரண்டிக் கழுவி மறுபடி ஓட்ட வேண்டும்.

அந்த மெஷினை ஓட்டியது ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ரிஜெக்ட் கூடக் கூட, ரோலை அவர் சரியாக மாட்டவில்லை என்று பேச்சு வந்தது. சம்பளத்தில் பணம் பிடித்தார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. காரணம் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதிய முதல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஒருநாள் அவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், நான் ரோலைத் தப்பா மாட்டினா முழு லேபிளும்தானே கோணலா போகணும்? காம்புப் பக்கம் மட்டும் ஏன் சார் மடங்குது?"

என்னிடம் பதில் இல்லை.

அதற்கு முன்பே நாங்கள் ஒரு வைத்தியம் செய்து பார்த்திருந்தோம். உறிஞ்சல் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தமான பம்ப் வாங்கினோம். சத்தம்தான் கூடியது, கரன்ட் பில் கூடியது, ரிஜெக்ட் அப்படியே இருந்தது.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். உறிஞ்சுவது என்று நாம் சொன்னாலும், பேட் லேபிளை இழுப்பதில்லை. வெளியில் இருக்கும் காற்றுதான் லேபிளைப் பேட்டின் மேல் தள்ளுகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 1 கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. துளைக்குள் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால்கூட, 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துளை 3 கிராம் தாங்கும். எங்கள் மாங்காய் லேபிள் 30 சதுர சென்டிமீட்டர் இருக்கும். பசையோடு சேர்த்து அதன் எடை 0.3 கிராம்தான். அதாவது ஒரு துளையே பத்து லேபிளைத் தூக்கும்! அப்படியென்றால் பலம் குறைவாக இருந்தது காரணமே இல்லை.

காரணம் கசிவு. பென்சிலால் பேட்டின் மேல் லேபிளின் ஓரத்தை வரைந்து பார்த்தேன். பேட் பழைய நீள்சதுர லேபிளுக்காகச் செய்தது. எட்டுக்கு ஆறு, மொத்தம் 48 துளை. மாங்காய்க்கு அடியில் மறைந்தவை 30. மீதி 18 துளையும் வாயைத் திறந்துகொண்டு வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தன. ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவில் ஊசியால் நாலு ஓட்டை போட்டுவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். எவ்வளவு இழுத்தாலும் காற்றுதான் வரும், ஜூஸ் வராது. நம் கட்டடத்திலேயே, ஒரே குழாயில் கீழே நாலு வீட்டில் தண்ணீர் திறந்திருந்தால் மாடியில் ஷவர் சொட்டத்தானே செய்கிறது? அதே கதைதான்.

பம்ப் வாங்கும்போது இரண்டு கணக்கு உண்டு. எவ்வளவு அழுத்தத்தைக் குறைக்கும் என்பது ஒன்று. நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை வெளியே தள்ளும் என்பது இன்னொன்று. கசிவு இருக்கும் இடத்தில் இரண்டாவதுதான் முக்கியம். நாங்கள் முதலாவதை மட்டும் பார்த்து வாங்கியிருந்தோம்.

அன்றைக்கே 18 துளையின் மேலும் செல்லோடேப் ஒட்டினோம். வேக்குவம் கேஜில் முள் உடனே ஏறியது. லேபிள் சாய்வது நின்றுவிட்டது. ஆனால் காம்பு இன்னும் ஆடியது. பென்சில் கோட்டை மறுபடி பார்த்தால், காம்பும் இலையும் துளை வரிசைகளுக்கு இடையே இருந்தன. அங்கே பிடிக்க ஒரு துளைகூட இல்லை! அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, பேட்டின் முகத்துக்குப் புதிய நைலான் தகடு செய்தோம். லேபிள் வடிவத்துக்குள் மட்டும் துளை. ஓரங்களிலும் காம்பிலும் நெருக்கமாக, 1 மில்லிமீட்டரில் போட்டோம். விட்டம் பாதியானால் துளையின் பரப்பு கால் பங்காகிவிடும். அதனால் ஒரு பெரிய துளைக்குப் பதில் நாலு சிறிய துளை போடலாம், நாலு இடத்தில் பிடிக்கலாம். ஒன்று திறந்து போனாலும் மற்றவை கைவிடாது. துளை பெரிதாக இருந்தால் மெல்லிய லேபிள் குழிந்துபோகும் தொல்லையும் இல்லை.

இரண்டு, ரோலில் லேபிள் வரும் திசையை மாற்றச் சொன்னோம். முன்பு காம்பு முதலில் உரிந்து வந்தது. குறுகலான நுனி முதலில் வந்தால் தாளோடு சேர்ந்து மடங்கப் பார்க்கும். அகலமான அடிப்பக்கம் முதலில் வந்தால் பேட் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும், காம்பு பின்னால் தானாக வரும். இலையின் கூர்நுனியையும் கொஞ்சம் உருட்டி வெட்டச் சொன்னோம்.

மூன்று, ஒவ்வொரு ஷிப்டிலும் துளைகளையும் பில்டரையும் சுத்தம் செய்வது. காகிதத் தூசியும் பசையும் அடைத்தால் எவ்வளவு நல்ல தகடும் வீண். கேஜில் முள் எங்கே நிற்க வேண்டும் என்று சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டோம். முள் இறங்கினால் யார் வேண்டுமானாலும் மெஷினை நிறுத்தலாம்.

நாலு, எலுமிச்சை, மிளகாய் என்று வடிவம் மாறும்போது பேட்டை மாற்ற வேண்டியதில்லை. முகத் தகட்டை மட்டும் நாலு ஸ்க்ரூவில் மாற்றிக்கொள்ளலாம். வசதி உள்ள இடங்களில் பேட்டைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வைப்பார்கள். லேபிள் இல்லாத அறையை மூடிவிடலாம். பிளாஸ்டிக் லேபிளாக இருந்தால் நிலைமின்சாரத்தாலும் ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கும், அதைப் போக்கத் தனிக் கருவி வேண்டும். அதைப் பற்றிப் பேசினால் போண்டா முழுசாக ஆறிவிடும்.

தகடு மாற்றிய வாரத்திலேயே மடங்கி ஒட்டும் பாட்டில் அபூர்வமாகிவிட்டது. புதிய பம்பைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினோம். நான் இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கை தவறு என்று அதில் முதல் வரியிலேயே எழுதினேன். பிடித்த பணம் அந்தப் பெண்ணுக்குத் திரும்பக் கிடைக்க மேலும் இரண்டு மாதம் ஆனது. நான் வாயால் மன்னிப்புக் கேட்டபோது அவர், "பரவாயில்ல சார், அடுத்த லேபிள் வந்தா முதல்ல என்கிட்ட காட்டுங்க" என்றார். அதற்குப் பிறகு எந்தப் புது லேபிள் வந்தாலும் அச்சுக்குப் போகும் முன் அவர் கையில் கொடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கினோம். எந்த நுனி மடங்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

நம் மோட்டார் ரூமைப் பற்றி ஒரு வார்த்தை. மாடியில் தண்ணீர் வரவில்லை என்றதும் பெரிய மோட்டார் வாங்கலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. வாட்ச்மேன் நேரத்துக்குப் போடுவதில்லை என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் முன்னால், எந்த வீட்டு ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடலாம். என்னிடம் பென்சில் இருக்கிறது, கூட வர இரண்டு பேர் கிடைத்தால் அடுத்த ஞாயிறு காலையே கிளம்பலாம்.