ஊசியும் மாத்திரையும்



பல்லிலே சொத்தை இல்லை. ஈற்றிலே வீக்கம் இல்லை. ஆயினும் வாய் கொப்பளிக்கும்போதும், ஒரு கவளம் மெல்லும்போதும், கன்னத்திலும் தாடையிலும் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற வலி தோன்றிச் சில விநாடிகளில் மறைகிறது, மீண்டும் வருகிறது. முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்லும் முக்கிளை நரம்பைப் பற்றிய நோய் இது. பல்வலியென்று மயங்கி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டோர் பலர்.

இதற்கு முதன்மையான மருந்து கார்பமாசெபைன். 1953-இல் சுவிட்சர்லாந்து நாட்டுக் கெய்கி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் கண்டறிந்த இம்மருந்தை 1962 முதல் இவ்வலிக்கு வழங்கி வருகின்றனர். பெரும்பாலோர்க்கு வலி தணிகிறது. ஆனால் தலைசுற்றலும் உறக்க மயக்கமும் உடன்வருகின்றன. சிலருக்கு இரத்தத்தில் சோடியம் குறைகிறது. இந்தத் தொல்லையே நோயாளியை வேறு சிகிச்சை நாடச் செய்கிறது.

ஹைதராபாத்தில் குஷாய்குடாவிலே எங்கள் அண்டை வீட்டு அம்மையார் அவ்வாறுதான் அக்குபங்சரை நாடினார். நான்கு முறை ஊசி செருகிக்கொண்டதும் வலி சற்றுக் குறைந்தது. மகிழ்ச்சியிலே மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் கஞ்சி குடிக்கவும் வாய் திறக்க இயலவில்லை. ஊசியில்தான் மருந்து இருக்கிறதே, மாத்திரை எதற்கு என்று அவர் எண்ணியிருக்கிறார்! மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த மயக்கத்தின் காரணம் விளங்கிற்று. ஊசி என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிறோம். அக்குபங்சர் ஊசியோ மயிரிழை போன்ற வெறும் கம்பி. அதில் துளையும் இல்லை, மருந்தும் இல்லை.

சீனத்தில் தோன்றிய இம்முறையை, 1938-இல் டாக்டர் கோட்னிஸுடன் அங்குச் சென்ற மருத்துவக் குழுவினருள் ஒருவரான டாக்டர் விஜய்குமார் பாசு 1959-இல் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அது வேலை செய்வது எங்ஙனம்? 1977-இல் அமெரிக்காவில் மேயர் முதலியோர் பல்லில் மின்சாரத்தால் வலியூட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஊசி செருகினர், வலி குறைந்தது. அபினிச் சத்தின் செயலைத் தடுக்கும் நாலாக்சோனைக் கொடுத்தபோது அப்பயன் நீங்கிற்று. உடலே சுரக்கும் வலியடக்கிகளை ஊசி தூண்டுகிறது என்று அவர்கள் கருதினர். பின்வந்த சோதனைகள் சிலவற்றில் இம்முடிவு கிட்டவில்லை. போலி ஊசியாலும் ஓரளவு ஆறுதல் கிடைப்பதுண்டு. ஆகவே ஊசியை மாத்திரைக்குத் துணையாகக் கொள்ளலாமேயன்றி, மாற்றாகக் கொள்ளலாகாது என்பதே என் கருத்து.

வலி தணிந்தால், மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடமே கூறி, அவர் சொற்படி படிப்படியாக அளவைக் குறைக்க வேண்டும். வலிப்பு நோயும் உடையவர் திடீரென நிறுத்தினால் வலிப்பே வந்துவிடலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் அதனை அக்குபங்சர் நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் புது ஊசிதானா என்று கேட்டறியவும் கூச்சப்பட வேண்டியதில்லை.