வலிக்காத புண்ணைத்தான் கவனிக்க வேணும்



இன்றைக்கு நாம் பேசப்போவது வெட்கப்பட்டு மூடி வைக்கிற ஒரு விசயம். மறைவிடத்தில் வருகிற புண். கவ்வாத்து வெட்டும்போது கையில் கத்தி பட்டால் உடனே டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். இதை மட்டும் லயத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒளிக்கிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டோம். கணவன் வெளியூரில் கடை வேலைக்குப் போய் வந்தவர். அவருக்கு ஒரு புண் வந்தது. வலி இல்லை. பார்மசியில் ஓயின்மென்ட் வாங்கிப் பூசினார். சில கிழமையில் ஆறிவிட்டது. "சுகமாயிருச்சு" என்று விட்டுவிட்டார். பிறகு மனைவி கர்ப்பமாகி கிளினிக் போனபோதுதான், இரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்று தெரிந்தது. நல்ல காலம், இருவருக்கும் நேரத்தோடு பெனிசிலின் ஊசி போட்டார்கள். பிள்ளை சுகமாகப் பிறந்தது.

புண்ணை ஆற்றியது ஓயின்மென்ட் அல்ல. சிபிலிஸ் புண் மருந்தில்லாமலே 3 முதல் 6 கிழமையில் தானாக ஆறும். நோய் மட்டும் உடம்பிலேயே தங்கிவிடும். வருசக்கணக்கில் கழித்து இருதயத்தையும் மூளையையும் கெடுக்கலாம். வயிற்றுப் பிள்ளை இறந்தும் பிறக்கலாம்.

சிறு கொப்புளங்களாக வந்து உடைந்து, எரிந்து, ஆறி, திரும்பவும் வந்தால் அது ஹேர்ப்பிஸாக இருக்கலாம். சொறிந்ததாலும் மருந்து ஒத்துக்கொள்ளாததாலும் கூடப் புண் வரும். ஆகவே யாரையும் சந்தேகப்பட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். டொக்டர் கூட கண்ணால் மட்டும் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. புண்ணிலிருந்தும் எடுத்து, இரத்தமும் எடுத்துப் பார்ப்பார்கள். புதுப் புண் என்றால் இரத்தத்தில் உடனே தெரியாமலும் போகலாம். திரும்ப வரச் சொன்னால் கட்டாயம் போக வேணும்.

தாய்மாரே, பெண்களுக்குப் புண் உள்ளே இருந்தால் தெரியவே தெரியாது. பிள்ளை தங்கியதும் கிளினிக்கில் இரத்தம் கொடுங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸ், எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. தாய்மார் இரத்தம் கொடுத்ததால் கிடைத்த பெயர் அது.

நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய் கிளினிக் உண்டு. சதம் செலவில்லை. துண்டு கொண்டுபோகத் தேவையில்லை. பெயரைக் கூப்பிடாமல் நம்பரில் பார்ப்பார்கள்; விசயம் வெளியில் போகாது. போகுமுன் களிம்பு பூசவோ, மிச்சக் குளிசை போடவோ வேண்டாம். முடிவு தெரியும்வரை கணவன் மனைவி சேராமல் இருங்கள். நோய் என்றால் இருவரும் மருந்து எடுங்கள். ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பவும் தொற்றும்.

புண் ஆறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். இரத்தம் பார்த்த பிறகுதான் சுகம் என்று சொல்ல வேணும்.