கிரிவலமும் ஊர்வலமும்



எனக்கு முன் பேசிய தோழர்கள் பெரிய விஷயங்களைப் பேசிவிட்டார்கள். நான் சொல்லப் போவது சின்ன விஷயம். நானும் என் சிநேகிதர் ஒருவரும் ஒரு கோடை நாள் முழுவதும் இந்தத் திருவண்ணாமலையில் சுற்றித் திரிந்த கதைதான் அது. "ஊர் சுற்றினவனுக்கு மேடை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். சுற்றுவதற்கென்றே லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து போகிற ஊரில் சுற்றியதைப் பற்றிப் பேசாமல் வேறு எந்த ஊரில் போய்ப் பேசுவது?

சிநேகிதர் வெளியூர்க்காரர். நல்ல பக்திமான். பௌர்ணமி தவறாமல் வந்து, மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்துவிட்டுப் போகிறவர். இருபது தடவை வந்தாயிற்று என்றார். "மலையை இருபது தடவை சுற்றினீர், ஊரை ஒரு தடவையாவது சுற்றினீரா?" என்று கேட்டேன். சிரித்தார். "சரி, இன்றைக்கு ஊர்வலம் போவோம், வாரும்" என்று அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

காலை ஆறு மணிக்குத் தேரடித் தெருவில் டீ குடித்தோம். எதிரே ராஜகோபுரம். பதினோரு நிலை, 217 அடி. சிநேகிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் தடுக்கவில்லை. "கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், செவ்வப்ப நாயக்கர் முடித்தார் என்று சரித்திரம் சொல்லுகிறது. இத்தனை கல்லையும் தோளில் சுமந்து மேலே ஏற்றினானே, அவன் பேர் எங்கேயாவது இருக்கிறதா?" என்று மாத்திரம் கேட்டேன். "இல்லை" என்றார். அப்போது தெருவைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மாள் எங்களைத் தாண்டிப் போனாள். அவள் பேரும் எங்களுக்குத் தெரியாது.

பத்து மணிக்குள் கோபுரத்தின் நிழல் சுருங்கிவிட்டது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் உஷ்ணத்தைக் கக்குவது கல்லுக்கும் தாருக்கும் உள்ள குணம். மரம் அப்படியல்ல; நிழலும் கொடுக்கிறது, வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியாக ஆவியாக விட்டுச் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கிறது. இது எந்தச் சாமியின் அருளுமல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற பாடம். அப்படியிருக்க, இருபத்தைந்து ஏக்கர் கோயில் இருக்கிற ஊரில், உச்சி வேளையில் நடை சாத்திய பிறகு ஓர் ஏழை காசு கொடுக்காமல் உட்கார நிழல் எங்கே என்று தேடிப் பார்த்தோம். ஓட்டலில் உட்காரக் காசு வேண்டும். சத்திரத்தில் உட்கார, பல இடங்களில் ஜாதி வேண்டும்.

கடைசியில், மலையடியில் மரம் வளர்த்து உண்டாக்கிய பூங்காவில்தான் இடம் கிடைத்தது. இந்த மலையின் சரிவுகள் ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தவை. கோடையில் காய்ந்த போதைப்புல்லில் தீப்பிடித்தால், தப்பிப் பிழைத்த கன்றும் கருகிப் போகும். தன்னார்வத் தொண்டர்களும் கூலியாட்களும் பல வருஷங்களாகக் கன்று நட்டு, தீப்பரவாமல் தடுப்புப் பாதை வெட்டிக் காப்பாற்றியதால் இன்று அங்கங்கே பச்சை தெரிகிறது. பூங்காவில் ஒரு மூட்டை தூக்குகிறவர் துண்டை விரித்துத் தூங்கினார். ஒரு பாட்டி பேரனுக்கு மோர் கொடுத்தாள். "குளித்துவிட்டு வந்தாயா? நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சிநேகிதர், "ஐயா, இங்கே மனசு நிம்மதியாக இருக்கிறது" என்றார்.

நிற்க. பிற்பகலில் வ.உ.சி. நகர்ப் பக்கம் போனோம். 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து, மண்ணும் பாறையும் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்ட இடம் அது. ஏழு பேரில் ஐந்து பேர் குழந்தைகள். அதே மாதம் கார்த்திகை தீபம் வந்தது. மலைமேல் ஆள் ஏறுவது பத்திரமா என்று புவியியல் வல்லுநர்களைக் கொண்டு சோதிக்கச் செய்து, பக்தர்கள் மலையேற வேண்டாம் என்று தடுத்தார்கள். அது நல்ல காரியம். அறிவைக் கேட்டு நடந்த காரியம். ஆனால், தீபம் ஏற்ற வருகிறவருக்காகப் பார்த்த அந்தச் சோதனையை, பாறைக்குக் கீழே குடியிருந்தவருக்காக மழைக்கு முன்பே பார்த்திருந்தால் அந்த ஐந்து குழந்தைகளும் இன்று பள்ளிக்கூடம் போயிருக்கலாமே! ஆசைப்பட்டா அங்கே வீடு கட்டுகிறான்? சமதரையில் நிலம் வாங்கக் கையில் காசில்லாதவன் சரிவில் ஏறுகிறான். இதை விதி என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. சிநேகிதர் அங்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பேசாமல் நின்றார்.

திரும்புகையில் ஒரு விலாசத்துக்கு வழி கேட்டோம். "அது காலனிங்க" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்தச் சொல் இழிவின் அடையாளமாகிவிட்டதால், அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். ஏட்டிலிருந்து எடுப்பது சுலபம். நாக்கிலிருந்து எடுப்பதுதான் கஷ்டம். இதே ஜில்லாவில் தென்முடியனூரில், 1947-லேயே ஆலயப் பிரவேசச் சட்டம் வந்திருந்தும், ஆதிதிராவிடத் தோழர்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க 2023 ஜனவரி வரை காத்திருந்து, போலீஸ் காவலோடு போக வேண்டியிருந்ததே!

ஆகவே தோழர்களே! மலை சுற்றுகிறவர்களிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. கால் அவர்களுடையது, நடக்கட்டும். நான் கேட்பதெல்லாம் இதுதான்: மாதம் ஒரு நாள் உங்கள் ஊரையும் சுற்றுங்கள். நீங்கள் ஒரு நாளும் நுழையாத தெருவாகப் பார்த்து நுழையுங்கள். அங்கே குழாயில் தண்ணீர் வருகிறதா, சாக்கடை ஓடுகிறதா, பிள்ளைகள் விளையாட மைதானமும் நிழலும் உண்டா, எந்த வீட்டுக்கு மேலே பாறை தொங்குகிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு போய் அதிகாரிகளிடம் கேளுங்கள். இந்த ஊர் 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. பேர் பெரிதானால் போதாது. நிழலும் பெரிதாக வேண்டும்.

இரவு பஸ் ஏறும்போது சிநேகிதர், "அடுத்த பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்னதாகவே வருகிறேன். பார்க்காத தெரு இன்னும் நிறைய இருக்கிறது" என்றார். மலையை விட்டுவிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. முன்னதாக வருகிற அந்த ஒரு நாள் போதும்.