பொருந்தும் வளைகோடு போதுமா?

மண்ணுக்குள் நீர் நகர்வதை 1931-இல் ரிச்சர்ட்ஸ் தந்த சமன்பாட்டைக் கொண்டு கணிக்கிறோம். அதற்கு இரண்டு பண்புகள் தெரியவேண்டும்: எந்த இழுவிசையில் மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கிறது, அந்த ஈரநிலையில் எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது. இரண்டாவதை நேரடியாக அளப்பது பெரும்பாடு. மண் உலர உலரக் கடத்துதிறன் பல்லாயிரம் மடங்கு சரிந்துவிடும். அதனால்தான் விளைவை அளந்து பண்பைக் கணக்கிடும் தலைகீழ் மாதிரியாக்கம் தேவைப்பட்டது. நீர் நிறைந்த மண் உருளையின்மேல் காற்றழுத்தம் செலுத்தி, வெளியேறும் நீரை நேரவாரியாக அளந்து, வான் கெனுக்டன் 1980-இல் வகுத்த சூத்திரத்தின் அளவுருக்களைக் கணக்கும் அளவீடும் ஒத்துவரும்வரை மாற்றுகிறோம். கூல், பார்க்கர், வான் கெனுக்டன் மூவரும் 1985-இல் ஒரே அழுத்தப்படியைக் கொண்டு இதைச் செய்துகாட்டினர்.

அந்த ஒத்துவருதலையே சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. வெளியேறிய நீரின் அளவு, உருளை மொத்தமாக இழந்ததை மட்டுமே சொல்கிறது. உள்ளே இழுவிசை எப்படி மாறியது என்பதைச் சொல்வதில்லை. நீரோட்டத்தின் வேகத்தை அதை உந்தும் விசைச்சரிவால் வகுத்தால்தான் கடத்துதிறன் கிடைக்கும். சரிவு தெரியாதபோது, நிறைவுநிலைக் கடத்துதிறனைக் கூட்டி, வான் கெனுக்டன் சூத்திரத்தின் ஆல்ஃபா என்ற அளவுருவையும் கூட்டினால் ஏறக்குறைய அதே வளைகோடு வந்துவிடலாம். தூர்மன், வியெரெங்கா, ஹில்ஸ் ஆகியோர் 1992-இல், அளவுருக்கள் மாறும்போது பிழை எப்படி மாறுகிறது என்று காட்டும் பிழைப்பரப்புகளை வரைந்து இதை ஆராய்ந்தனர்: வெளியேறும் நீரோடு உருளைக்குள் டென்சியோமீட்டர் காட்டும் அழுத்தத்தையும் சேர்த்தபோது தீர்வு நன்கு வரையறுக்கப்பட்டது. ஒரே அழுத்தப்படிக்குப் பதில் பல படிகளாக அழுத்தத்தை உயர்த்தும் முறை பின்னர் பரவியதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு படியும் வெவ்வேறு ஈரநிலையை விசாரிக்கிறது. ஆக, பதிலின் தரம் பெரிதும் பரிசோதனையை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

ஆற்றல்மிக்க உகப்பாக்க நிரல்கள் வந்துவிட்ட பிறகு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். லெவன்பெர்க்–மார்க்குவார்ட் முறை உள்ளூர்ப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளக்கூடும், முழுப்பரப்பையும் தேடும் முறை அப்படிச் சிக்குவது குறைவு என்பது உண்மைதான். ஆனால் பிழைப்பரப்பு நீண்ட தட்டைப் பள்ளத்தாக்காக இருந்தால், அதன் அடியை எவ்வளவு துல்லியமாகத் தேடினாலும் தரவில் இல்லாத செய்தி கிடைக்காது. பேயீசிய முறை நிச்சயமின்மையை நேர்மையாகக் காட்டும் என்ற வாதம் இதைவிட வலுவானது; அதை மதிக்கிறேன். எனினும் அது அறியாமையை அளக்கிறது, குறைப்பதில்லை. குறைக்க இன்னோர் அளவீடு வேண்டும். மேலும், அது காட்டும் நிச்சயமின்மையின் அகலமே சமன்பாடு சரி என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. கோடையில் வெடிக்கும் கரிசல் மண்ணில் முதல் மழை வெடிப்பு வழியே நேரே கீழிறங்கும். ஒற்றைத் துளைவெளி கொண்ட சமன்பாடு அதைக் காணாது. அங்கே கிடைக்கும் அளவுருக்கள் மண்ணின் பண்பாக இல்லாமல், மாதிரியின் குறையை ஈடுகட்டும் எண்களாகிவிடுகின்றன. அவற்றை நம்பிப் பாசன இடைவெளியை நிர்ணயித்தால் இழப்பு உழவருக்கு.

எனவே இந்த அமர்வுகளில் ஆய்வுரை வழங்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பொருத்தப் படத்தைக் காட்டும்போது, அளவுருக்களுக்கிடையேயான ஒட்டுறவு அட்டவணையையும், அளவுருக்களைத் தேடப் பயன்படாத வேறொரு பரிசோதனையை அவை எவ்வாறு கணித்தன என்பதையும் அதே படவில்லையில் காட்டுங்கள்.