சாத்திய கதவுகள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரயில்வே குமாஸ்தாக்களுக்குத் தேர்தலில் என்ன வேலை என்று சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. 1966ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 5ஆம் விதி, நாங்கள் எக்கட்சிக்கும் வாக்குச் சேகரிக்கலாகாது என்கிறது. ஆகவே நாங்கள் கொடி எதனையும் ஏந்தவில்லை. 2023ஆம் ஆண்டு சத்தீஸ்கர் சட்டமன்றத் தேர்தலுக்கு முன், பிலாஸ்பூரில் நம் காலனிக் குடும்பங்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உதவும் பணியையே சங்கத்தார் நால்வர் மேற்கொண்டோம்.

மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி படுக்கையுடன் நாம் வந்துவிடுகிறோம். நம் பெயரோ அரக்கோணத்திலோ பொன்மலையிலோ தங்கிவிடுகிறது. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்கலாம் என்பது சட்டம். குடிபெயர்ந்தவர்க்கு 8ஆம் படிவம்; 18 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு 6ஆம் படிவம். இரண்டையும் சுமந்துகொண்டு மாலைதோறும் புறப்பட்டோம்.

ஒரு வீட்டில், "எந்தக் கட்சி எவ்வளவு கொடுத்தது?" என்று கேட்டு, விடைக்குக் காத்திராமல் கதவைச் சாத்தினர். மற்றொரு வீட்டில், "வீட்டில் யாரும் இல்லை" என்று மாடியிலிருந்து வீட்டுக்காரரே கூறினார்! இந்தியில் வைதவரும் உண்டு. எனினும் தமிழில் கேட்டபோதுதான் நெஞ்சு சுட்டது. வேற்றுமொழி வசவு காதோடு நின்றுவிடும் போலும்.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் படிவத்தை வாங்கி, நான்காகக் கிழித்து எங்கள் காலடியில் போட்டார். நாங்களும் வாளாவிருக்கவில்லை. "உமக்கு வாக்கு ஒரு கேடா?" என்று சொல்லிவிட்டோம். வயதிற் பெரியவரிடம் அவ்வாறு பேசியிருக்கலாகாது.

சில நாள் கழித்துக் கோயிலில் அவர் மனைவியார் விவரம் கூறினார். 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரியவர் காலைமுதல் வரிசையில் நின்றாராம். முறை வந்தபோது பட்டியலில் பெயர் இல்லை. இருந்தவர் தலைநிமிராமலே, "அடுத்தவர் வரலாம்" என்றாராம். அவ்வளவுதான்.

அச்சொல் எங்களுக்குப் புதிதன்று. டிக்கட் ஜன்னலுக்கு இப்பால் அமர்ந்து, அப்பால் நிற்பவர் முகம் பாராமல் அதனை நாங்கள் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம்! அன்றிரவு நால்வரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

மறுபடியும் சென்றிருக்க வேண்டும். ரோஷம் தடுத்தது. நாளை என்றோம், மறுநாள் என்றோம். வேட்புமனுவிற்குரிய கடைசி நாள் கடந்தால் அத்தேர்தலுக்குப் பெயர் சேராது, அந்நாளும் கடந்தது. நவம்பர் 17 அன்று அம்மையார் மட்டும் வாக்குச்சாவடிக்குள் சென்றார். பெரியவர் வெளியே மரத்தடியில் குடையுடன் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் பெயரைச் சொல்லமாட்டோம். இந்த அவையில் அவர் இருப்பாராயின், எங்களை மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த மாதம் மீண்டும் புறப்படுகிறோம். முதலில் தட்டவேண்டிய கதவு எதுவென்பது எங்களுக்குத் தெரியும். உடன்வர இருவர் தேவை. இந்தி எழுதத் தெரிந்தவராயின் நலம்; வசவு பொறுப்பவராயின் மிக நலம். விழா முடிந்ததும் மேடையருகே பெயர் கொடுக்கலாம்.