வராதவர்களின் நாற்காலிகள்



2020 மார்ச்சில், இன்று பட்டம் பெறும் உங்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தீர்கள். கொரோனா ஊரடங்கால் தேர்வு தள்ளிப்போனது, ஜூன் 9 அன்று ரத்தானது. எல்லோரும் தேர்ச்சி. அன்று முதல் 'கொரோனா பேட்ச்' என்ற பெயர் உங்கள் மேல் ஒட்டிக்கொண்டது. அப்படிச் சொல்லி உங்களைக் குறைத்துப் பேசுகிறவர்கள், வீட்டில் உட்கார்ந்து படிப்பது என்ன பாடு என்று பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.

நான் வசிப்பது கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில். ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டிய பகுதி. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட்டும் தூரமில்லை. எங்கள் குடியிருப்பில் கல்லூரி முதலாண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். அப்பாவுக்கு அலுவலகம், தம்பிக்குப் பள்ளி, இவளுக்குக் கல்லூரி, மூன்றும் இரண்டு அறைக்குள். அந்த ஆண்டு மே 20 அன்று அம்பன் புயல் வந்தது. ஏரிக்கரை மரங்கள் வேரோடு சாய்ந்தன. தெரு மரங்கள் மின்கம்பிகளையும் இணைய கேபிள்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. நாட்கணக்கில் மின்சாரம் இல்லாத தெருக்கள் பல. வகுப்பு நடந்ததா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தோழி போனில் வாசிக்க வாசிக்க, விட்டுப்போன பாடத்தையெல்லாம் கையால் எழுதிக்கொண்டாள். இன்று அவள் பட்டதாரி.

அதே குடியிருப்பில் வீட்டுவேலை செய்த அம்மா ஒருவர், பஜ்பஜ் பாதையில் லோக்கல் ரயில் பிடித்துத் தினமும் வருவார். மார்ச்சில் நின்ற லோக்கல் ரயில்கள் நவம்பர் 11 அன்றுதான் மறுபடி ஓடின. ரயில் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் ரீசார்ஜ் எங்கிருந்து வரும்? மகன் பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே போன் பட்டன் போன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கைபேசி வாங்க மேற்கு வங்க அரசு 10,000 ரூபாய் கொடுத்தது, நல்ல காரியம். ஆனால் இவன் பன்னிரண்டுக்குப் போகவே இல்லை. சென்னைக்குக் கட்டட வேலைக்கு வந்துவிட்டான்.

வகுப்பறையில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே கரும்பலகை. படிப்பு வீட்டுக்குள் போனதும், வீட்டில் இருப்பதுதான் படிப்பாகிவிட்டது. அந்தப் பையனுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வீட்டுப் படிப்பு விட்ட இடைவெளியை அரசுகளும் உணர்ந்தன. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது; தெருவிலிருந்தே தன்னார்வலர்கள் வந்து மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வங்கத்தில் 2022 பிப்ரவரியில் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்தவெளியில் வகுப்பு நடந்தது. திரையால் முடியாததை முடிக்க, கடைசியில் பக்கத்தில் உட்காரும் ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

உங்களிடமும் இடைவெளிகள் உண்டு. வேதியியல் ஆய்வகத்து டைட்ரேஷனை வீடியோவில் மட்டும் பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். வேலைக்குப் போகும் இடத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் பத்தாம் வகுப்பில் உடன் படித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் நின்றுபோனவர்களின் முகம் உங்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காதவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பட்டத்துக்கு, 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வழி இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் இத்தனை வருடம் கழித்துத் தனியாகப் போகத் தயங்குவார்கள். இந்த வாரமே ஒருவருக்குப் போன் செய்யுங்கள். விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் இருங்கள். முதல் தேர்வு வரைக்கும் கூடவே இருங்கள்.